கயிறு இழுக்கும், நிறுத்தாது

வண்டிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் தக்கலை அருகே ஒர்க்‌ஷாப்பும் ரெக்கவரி வண்டியும் வைத்திருப்பவர்.)

இடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நின்றுபோன வண்டியைக் கட்டி இழுப்பது எப்படி? அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மைலேஜ் பற்றியும் டயர் காற்று பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சிக்கு வணக்கம். பேச்சிப்பாறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது எங்கள் கார் நின்றுவிட்டது. உடன் வந்த உறவினர் தன் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார். என் கணவர் வழி காட்டுவதற்காக ஜீப்பில் ஏறிக்கொண்டார். என்னைக் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னார்கள். இறக்கத்தில் மிதித்தால் பிரேக் கல்லாக இருந்தது. ஜீப்பின் பின்பக்கத்தில் இரண்டு முறை மோதப் பார்த்தேன். என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கும் இல்லாமல் போய்விடுமா? அல்லது எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா?
– ஓர் ஆசிரியை, குலசேகரம்

உங்களுக்கு நன்றாகவே ஓட்டத் தெரிந்திருக்கிறது டீச்சர், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். தவறு "சும்மா உட்கார்" என்று சொன்னவர்களுடையது. கட்டி இழுக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கக்கூடியவர் யாராவது உண்டு என்றால் அது ஜீப்பில் வழி காட்டப் போனவர் மட்டும்தான். பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரத்துக்கு ஒருவர் என்ன வழி காட்டுவார் என்பதும் எனக்குப் புரியவில்லை.

பிரேக் போகவில்லை. அதற்குக் கிடைத்துவந்த துணைதான் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால், பிரேக் மிதிக்கு நேர் எதிரே, கறுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு தகர டப்பா தெரியும். அதுதான் பூஸ்டர். என்ஜின் ஓடும்போது அதற்குள் இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் உண்டாகிறது. நீங்கள் மெல்ல மிதித்தாலும் அந்த வெற்றிடம் சேர்ந்து தள்ளுவதால் பிரேக் பிடிக்கிறது. என்ஜின் நின்ற பிறகு டப்பாவில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கு வரும். அதற்குப் பிறகு உங்கள் கால் பலம் மட்டும்தான். பிரேக் ஆயிலும் பேடும் அப்படியே இருப்பதால் பிரேக் நிச்சயம் பிடிக்கும், ஆனால் வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும்.

இது தெரியாதவர் முதல் இரண்டு மிதிகளில் "நன்றாகத்தான் பிடிக்கிறது" என்று நம்பிவிடுவார். மூன்றாவது மிதி இறக்கத்தில் வரும். அதனால் நான் என் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது இதுதான்: கயிறு கட்டிய பிறகு, புறப்படும் முன்பு, பின்வண்டியில் இருப்பவர் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பூஸ்டரை வெறுமையாக்கிவிட வேண்டும். அடுத்த மிதியில் மிதி எவ்வளவு கல்லாக இருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடும். இருக்கையை முன்னால் நகர்த்தி, முதுகை நன்றாகச் சாய்த்து, முழங்கால் மடங்கியபடி மிதிக்கும் தூரத்தில் உட்கார வேண்டும். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் அது கம்பியால் இயங்குகிறது, என்ஜினை நம்பி இல்லை. ஒரு கை அதன் அருகிலேயே இருக்கட்டும். ஸ்டியரிங்கும் கனமாகத்தான் இருக்கும், திருப்பங்களில் முன்கூட்டியே திருப்பத் தொடங்க வேண்டும்.

சாவியை வெளியே எடுத்துவிடவே கூடாது. எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பிறகு முன்னால் போகிறவர் திரும்புவார், நீங்கள் நேராகப் போவீர்கள். சாவி 'ஆன்' நிலையில் இருந்தால் பிரேக் விளக்கும் எரியும், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியும். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் அந்த நிலை வரும். பேட்டரி முழுவதும் செத்துவிட்டால் சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டு விடுபடாது. அதைக் கயிறு கட்டி இழுக்க நினைக்கவே வேண்டாம்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். கயிறு இழுக்கும், நிறுத்தாது. முன்வண்டி பிரேக் பிடித்தால் கயிறு தளர்ந்து கீழே விழும், அவ்வளவுதான். பின்வண்டியை நிறுத்துவது பின்னால் இருப்பவரின் கால் மட்டுமே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 7 மீட்டர் போய்விடும். நடுவில் இருக்கும் கயிறோ 5 மீட்டர். முன்வண்டி சட்டென்று நின்றுவிட்டால் யோசிக்க ஒரு நொடிகூட இல்லை என்பதைக் கணக்கே சொல்கிறது.

ஆகவே முன்வண்டி வேகம் குறைக்க வேண்டும் என்றால் அதைப் பின்வண்டிதான் முதலில் செய்ய வேண்டும். முன்னவர் கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைப்பார். பின்னவர் மெல்ல பிரேக் அழுத்துவார். கயிறு விறைப்பாகவே இருக்கும். இரண்டு வண்டிகளும் அந்த ஒரே பிரேக்கில் வேகம் குறையும். முன்னவர் இரண்டாம் கியரை விட்டு ஏறாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, என்ஜின் இழுவையிலேயே இறக்கத்தை இறங்க வேண்டும். கயிறு தளர்ந்து தரையில் உரசினால் முன்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தளர்ந்தது மறுபடி விறைக்கும்போது விழும் வெட்டில்தான், அந்தத் திடீர் இழுப்பில்தான், கொக்கியும் பம்பரும் பிய்கின்றன. வேலை தெரிந்த இருவர் இழுத்துக்கொண்டு போனால் கயிறு புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை தரையைத் தொடாது.

அதனால் இரண்டு பேரில் யார் நன்றாக ஓட்டுவாரோ அவர் பின்வண்டியில் உட்கார வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. நல்ல ஓட்டுநர் முன்னால் போய்விடுவார், பெஞ்சில் உட்காருவதுபோல மிச்சமிருப்பவரைப் பின்னால் உட்காரவைப்பார்கள். உங்கள் பாதை வளைவும் இறக்கமுமாக இருப்பது. அதில் கயிறே கட்டியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஓரமாக நிறுத்திவிட்டு ரெக்கவரி வண்டியை வரவழைத்திருக்க வேண்டும். இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள், என் பெயரைச் சொல்லியே வாசியுங்கள்.

வீட்டில் படகுக் கயிறு நிறைய இருக்கிறது. கார் இழுக்க அது போதுமா? ஸ்டீல் கம்பிதான் உறுதி என்கிறான் நண்பன்.
– ஒரு மீனவர், குளச்சல்

குளச்சல்காரருக்கு நான் கயிறு பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

ஸ்டீல் கம்பி உறுதிதான், ஆனால் அதற்கு நெகிழ்ச்சி கிடையாது. கிளம்பும் வெட்டு அப்படியே கொக்கியில் இறங்கும். அறுந்தால் முனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. கிரேனில் முறையாகச் சுற்றப்பட்டிருக்கும் கம்பி வேறு, தெருவில் இரண்டு கார்களுக்கு நடுவில் முடிச்சுப் போட்ட கம்பி வேறு. நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவை அநேகமாக இரண்டு வகையாக இருக்கும். தண்ணீரில் மிதப்பது பாலிபுரொப்பிலீன், மூழ்குவது நைலான். இழுக்க நைலான் நல்லது, ஏனென்றால் அது நீண்டு கொடுத்து வெட்டை விழுங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் வெயிலில் கிடந்தால் உயிர் போய்விடும். கயிற்றை உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல ஒட்டினாலோ, துண்டு துண்டாக முள் குத்தினாலோ அதைக் கிணற்றுக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம். நைலானாக இருந்தால் கட்டைவிரலால் முறுக்கைப் பிரித்து உள்ளே பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உப்பும் மணலும் சேர்ந்து இழைகளை அரைத்து வைத்திருக்கும். கடற்கரைக் கயிறுகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கரையில் தள்ளிப்போட்ட கயிறு சாலைக்கு வரக் கூடாது.

முடிச்சு விழும் இடத்தில் கயிறு தன் பலத்தில் பாதி வரை இழந்துவிடும். படகைக் கட்டும்போது இறுகிக்கொள்ளாத கண்ணி ஒன்று போடுவீர்களே, அதையே இங்கும் போடுங்கள். இழுத்து முடித்த பிறகு சுத்தியல் இல்லாமல் கழற்ற முடியும். இழைகளைப் பிரித்துப் பின்னிய கண்ணி இருந்தால் இன்னும் நல்லது. காசு செலவழிக்க மனமிருந்தால் கடையில் இழுப்பதற்கென்றே பட்டை கிடைக்கிறது. அதில் தைத்திருக்கும் சீட்டில் எத்தனை டன் தாங்கும் என்று எழுதியிருக்கும். வண்டியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். சீட்டே இல்லாத பட்டையை வாங்காதீர்கள்.

கட்டிய கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி ஒன்றும், அதன் மேல் பழைய சாக்கு ஒன்றும் போடுங்கள். துணி பிறர் பார்ப்பதற்கு. சாக்கு, கயிறு அறுந்தால் அது பாயும் வேகத்தைக் குறைப்பதற்கு. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் புகுந்து சாலையைக் கடக்கும் பைக்காரர்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை.

என் காரின் முன்பக்கத்தில் கொக்கியே இல்லை. கீழே குனிந்து பார்த்தால் ஒரு துளை தெரிகிறது. அதில் கட்டலாமா?
– வங்கி ஊழியர், வெட்டூர்ணிமடம்

அந்தத் துளையில் கட்டாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி வரும்போது கார் அசையாமல் கீழ்நோக்கிக் கட்டிவைப்பதற்காக இருப்பது அது. முன்னோக்கி இழுத்தால் தகரம் கிழிந்து வரும். சஸ்பென்ஷன் கையிலும், டை ராடிலும், பம்பரிலும் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு சக்கரம் கோணலாகிவிட்டது என்று என்னிடமே வருவார்கள்.

உங்கள் கொக்கி டிக்கியில் இருக்கிறது. மாற்று டயரின் அடியில் ஜாக்கியும் வீல் ஸ்பானரும் வைத்திருக்கும் இடத்தில், ஒரு முனையில் வளையமும் மறு முனையில் மரையும் உள்ள தடித்த இரும்பு ஒன்று கிடக்கும். அது என்னவென்றே தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டவர்களை நான் அறிவேன். இனி பம்பரைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு மூடி, பம்பரின் நிறத்திலேயே இருக்கும். அதன் ஒரு ஓரத்தில் சிறு பள்ளம் இருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையில் துணியைச் சுற்றி அங்கே நெம்பினால் மூடி கழன்று ஒரு வாரில் தொங்கும். உள்ளே விரலை விட்டால் மரை தட்டுப்படும்.

கொக்கியைக் கையால் திருகுங்கள். வலப்பக்கம் திருப்பியும் ஏறவில்லை என்றால் கோபப்பட்டுச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பல ஐரோப்பிய வண்டிகளில் அது இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பினால் ஏறும். கை ஓய்ந்த பிறகு வீல் ஸ்பானரின் தண்டை வளையத்துக்குள் கொடுத்து முடிவு வரை முறுக்க வேண்டும். பாதி மரையில் நிற்கும் கொக்கி முதல் வெட்டிலேயே வளைந்துவிடும், பிறகு கழற்றவும் வராது, ஏற்றவும் வராது. மழையில் நனைந்துகொண்டு தேடுவதைவிட, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மரையில் துரு இருந்தால் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கடல் காற்று அடிக்கும் ஊர் நம்முடையது.

ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலில் போட்டால் இழுக்கலாம்தானே?
– மார்த்தாண்டம்

கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப் என்ஜினால் ஓடுவது. என்ஜின் நின்றால் ஆயில் நிற்கும், ஆனால் சக்கரம் சுழல்வதால் உள்ளே உள்ள பாகங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். வறண்டு தேய்ந்து சூடாகும். இழுத்த கூலி மிச்சமாகும், கியர்பாக்ஸ் போய்விடும். முன்சக்கரத்தில் ஓடும் வண்டியாக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம், பின்சக்கரத்தில் ஓடுவதாக இருந்தால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் ஓடுகிறது என்றால், தட்டையான மேடை உள்ள படுக்கை வண்டியில் முழுவதுமாக ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மின்சாரக் காரும் அப்படியே. சக்கரத்தை உருட்டினால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். அதையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காராக இருந்தால், ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் போகும் ஒயர் அது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது? போன வாரம் எனக்கு முன்னால் ஒருவருக்கு அப்படி ஆகி, வரிசை களியக்காவிளை வரை போய்விடுமோ என்று பயந்தேன்.
– மருந்துக் கடைக்காரர், குழித்துறை

கயிறு பயன்படுவதே இப்படிப்பட்ட இடத்தில்தான். பாலத்தின் மேல் பானெட்டைத் திறந்துவைத்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, வண்டியில் இருப்பவர்களை இறக்கி, வண்டிக்கு முன்னால் நன்றாகத் தள்ளி, சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்கக் கூடாது, பின்னால்தான் அடி விழும். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். 112-க்குச் சொல்லுங்கள். முதலில் வரும் ஜீப்போ வேனோ பாலத்தை விட்டுக் கீழே இறக்கும் வரை இழுத்தால் போதும். ஓரம் கிடைத்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்துக்கு ரெக்கவரி வண்டி. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே வீடு வரை போய்விடலாம்" என்பவரிடம் நன்றி சொல்லிக் கயிற்றைக் கழற்றிவிடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரும் எரியும்போது எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதை விளக்கால் காட்ட முடியாது. கையைத்தான் நீட்ட வேண்டும்.

அனந்தனார் சானல் கரையில் கார் சேற்றில் இறங்கிவிட்டது. டிராக்டரால் இழுத்தபோது டிராக்டரின் முன்சக்கரம் மேலே எழும்பியது. ஏன்?
– விவசாயி, பூதப்பாண்டி

கயிற்றை டிராக்டரில் எங்கே கட்டினீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், உயரமாகக் கட்டியிருப்பீர்கள், இருக்கைக்குப் பக்கத்திலோ மேல் இணைப்புக் கம்பியிலோ. பின் அச்சுக்கு மேலே கட்டினால் இழுக்கிற இழுப்பு டிராக்டரையே பின்பக்கமாகச் சுருட்டிவிடும். ஓட்டுநர் குதிக்க நேரம் இருக்காது. அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைப் பட்டையில் மட்டுமே கட்ட வேண்டும். முன்சக்கரம் ஒரு சாண் எழும்பினாலும் உடனே கிளட்சை மிதித்துவிட வேண்டும். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனது நல்ல காலம்.

சேற்றிலிருந்து எடுப்பது சாலையில் இழுப்பதைவிட வேறு வேலை. சேறு வண்டியை உறிஞ்சிப் பிடித்திருக்கும், சில நேரம் வண்டியின் எடையைவிட அதிக இழுப்பு தேவைப்படும். முதலில் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி விடுங்கள். தென்னை மட்டையோ பலகையோ சக்கரத்தின் கீழே திணியுங்கள். எந்த வழியாக இறங்கியதோ அந்த வழியாகவே நேராக இழுங்கள். ஓடிவந்து வெட்டி இழுப்பது கூடாது, விறைப்பாக்கிக்கொண்டு மெல்ல இழுக்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்தில் நிற்கட்டும். வயல்காட்டில் இப்படி நடந்தால் ஊரே கூடிவிடும் என்பது எனக்குத் தெரியும், விரட்டுங்கள்.

சானல் தண்ணீர் காருக்குள் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்புகளுக்கு வந்த கார்களில், சும்மா நின்றவை சுத்தம் செய்து ஓடின. "ஒருமுறை ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று பார்த்தவைதான் என்ஜினைப் பிரிக்கவேண்டிய நிலைக்கு வந்தன.

ஏத்தன் குலை ஏற்றிய லாரி ஆரல்வாய்மொழியில் நின்றுவிட்டது. இன்னொரு லாரியால் இழுத்தும் பின்சக்கரம் அசையவில்லை. வாழைக்குலை பழுத்ததுதான் மிச்சம்.
– லாரி ஓட்டுநர், தோவாளை

ஏர் பிரேக் வண்டியில் காற்றுதான் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைத்திருக்கிறது. என்ஜின் நின்று காற்று குறைந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரிந்து பின்சக்கரங்களைப் பூட்டிவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். இழுக்கும் லாரியிலிருந்து குழாய் வழியாகக் காற்று கொடுத்தால் விடுபடும். இல்லையென்றால் பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்ட்டால் ஸ்பிரிங்கைச் சுருக்க வேண்டும். அதைத் தொடும் முன்பு எல்லாச் சக்கரத்துக்கும் முட்டுக் கட்டை வையுங்கள், ஏனென்றால் சுருக்கிய பிறகு அந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் இழுக்கக் கூடாது, வளையாத இரும்புத் தண்டு மாட்டித்தான் இழுக்க வேண்டும். தூரம் போவதாக இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். பின்சக்கரம் சுழன்றால் கியர்பாக்ஸும் ஆயில் இல்லாமல் சுழலும்.

ஆரல்வாய்மொழி கணவாயில் ஆனி ஆடிக் காற்றுக்கு முக்கோணப் பலகை நிற்காது. அதன் காலில் கல் வைத்து நிறுத்துங்கள். வண்டி புறப்படும்போது அந்தக் கல்லையும், வெட்டிப்போட்ட மரக்கிளையையும் எடுத்துவிட்டுப் போங்கள். நம் ஓட்டுநர்கள் வைக்கும்போது காட்டும் அக்கறையை எடுக்கும்போது காட்டுவதில்லை. இரவில் அதில் ஏறி விழுகிற பைக்காரனுக்கு அங்கே லாரி நின்ற கதை தெரியாது.

பெட்ரோல் தீர்ந்த பைக்கை நண்பன் பக்கத்து பைக்கிலிருந்து காலால் தள்ளிக்கொண்டு வரலாமா?
– கல்லூரி மாணவர், கன்னியாகுமரி

வேண்டாம் தம்பி. அவன் கால் உன் சைலன்சரில், அவன் கை அவன் ஹேண்டிலில், அவன் கண் எங்கே இருக்கும்? பெட்ரோல் வாங்கப் போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பைக் பழுது என்றால் குட்டியானையில் ஏற்று. முன் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும்படி இரண்டு பக்கமும் கட்டு, கியரில் போட்டு வை. சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி விடாதே.

இழுப்பதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? காப்பீட்டில் பணம் கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற எழுத்தர், இரணியல்

இருக்கிறது ஐயா. 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளிலேயே இதெல்லாம் எழுதியிருந்தார்கள்: வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், அல்லது முன்சக்கரங்களைத் தூக்கியிருக்க வேண்டும். கயிறு பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்வண்டியின் பின்பக்கத்தில் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (ON TOW, அதாவது 'கட்டி இழுக்கப்படுகிறது') என்று எழுதியிருக்க வேண்டும். 2017-இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்தன. என் ஒர்க்‌ஷாப்பில் நான் பின்பற்றுவது இன்னும் அந்தப் பழைய கணக்கைத்தான். அந்தப் பலகையை இதுவரை நான் மாட்டிப் பார்த்தது என் வண்டியில் மட்டும்தான்.

வழக்கமான முழுக் காப்பீட்டில், விபத்தில் சேதமான காரை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுசெல்ல 1,500 ரூபாய் வரையும், இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாய் வரையும் கொடுப்பதாக வாசகம் உண்டு. விபத்து இல்லாமல் தானாக நின்றுபோனதற்கு அது வராது. அதற்குச் சாலை உதவி என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-ஐ அழைக்கலாம். சொந்த உபயோகக் காரால் கூலி வாங்கிக்கொண்டு பிறர் வண்டியை இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் உங்கள் காப்பீடு நிற்காது.

ரெக்கவரி வண்டி வந்ததும் ஏற்றும் முன்பே கூலியைப் பேசி முடியுங்கள். எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். படுக்கை வண்டியில் ஏற்றிய பிறகு பட்டை சக்கரத்தைச் சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் கார் பம்பரில் மட்டும் கட்டப்பட்டு வந்து, பம்பர் ஒரு பக்கமும் கார் ஒரு பக்கமுமாக இறங்கியது. இழுத்தவர் "பழைய வண்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் ரெக்கவரி வண்டி வைத்திருப்பதால்தானே எல்லோரையும் கயிறு வேண்டாம் என்கிறீர்கள்?
– பெயர் எழுதவில்லை, தக்கலை

தக்கலைக்காரர் என்றால் என் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். டீசல் போட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட வேண்டாத நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலை சமமாக இருந்து, ஒர்க்‌ஷாப் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் கயிறும் வேண்டாம், நானும் வேண்டாம். நான்கு பேர் தள்ளினால் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, சாவியை 'ஆன்' செய்து, பிரேக்கில் கால் வைத்திருக்கட்டும். தள்ளுபவர்கள் பக்கவாட்டுத் தூண்களைப் பிடித்துத் தள்ளட்டும், பின் கண்ணாடியிலோ விளக்கிலோ கை வைக்க வேண்டாம். தள்ளி முடித்ததும் டீயும் ரசவடையும் உங்கள் செலவு.